வாப்பாவின் நெஞ்சில் ஒரு மின்கலம்





கடந்த சில ஆண்டுகளாக என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும், நிக்காஹ் சபைகளிலும், மருந்துக்கடை வாசலிலும் கேட்கப்படும் கேள்வி அது. "உங்க வாப்பாவுக்கு நெஞ்சிலே சார்ஜ் ஏற்றுகிறீர்களாமே, உண்மையா?" சிலர் வியப்போடு கேட்கிறார்கள். சிலர் அச்சத்தோடு கேட்கிறார்கள். இன்னும் சிலர், தம் வீட்டிலும் அப்படியொரு முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். அந்த மூன்றாம் வகையினரை எண்ணியே இதை எழுதுகிறேன்.

உண்மைதான். என் வாப்பாவின் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய டைட்டானியம் பெட்டி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் மெல்லிய கம்பிகள் கழுத்து வழியாகத் தோலுக்கடியிலேயே ஏறி மூளைக்குள் செல்கின்றன. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மின்கலத்தைத் தோலைத் துளைக்காமல், கம்பி எதையும் செருகாமல், வெளியிலிருந்தே நாங்கள் நிரப்புகிறோம்.

வாப்பா பட்டுக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவருடைய பேரேட்டைப் பார்த்தவர்கள் அச்சடித்தது போல் இருக்கிறது என்பார்கள். அந்த எழுத்துத்தான் முதலில் மாறியது. ஒரு பக்கத்தின் மேல்வரியில் வழக்கமான அளவில் தொடங்கி, கீழே வரவர எறும்புபோல் சிறுத்தது. கண்பார்வைக் குறைவு என்றே நினைத்தோம். பிறகு தக்பீருக்காக உயர்த்திய வலக்கை நடுங்கியது. ஸஜ்தாவிலிருந்து எழுவது பாடாயிற்று. பள்ளிவாசலின் நிலைப்படி அருகே வந்ததும் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிடுவார். பின்னால் வருபவர்கள் ஒதுங்கிச் செல்வார்கள். அவரோ தலையைக் குனிந்துகொள்வார். நான்கு தலைமுறையாகத் தொழுத பள்ளியின் வாசலைத் தாண்ட முடியாமல் நிற்பது அவருக்கு நடுக்கத்தைவிடப் பெரிய வேதனையாக இருந்தது.

இது பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் சொன்னார். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் விவரித்து எழுதிய நோய். மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் சிறுகச் சிறுக அழிவதால் வருவது. லெவோடோப்பா மாத்திரை பல ஆண்டுகள் கைகொடுத்தது. பின்னர் ஒவ்வொரு மாத்திரையின் பலனும் குறுகிக்கொண்டே வந்தது. அடுத்த மாத்திரைக்கு முன்னரே உடல் இறுகிவிடும். மாத்திரை வேலை செய்யும் நேரத்திலோ உடல் தன்போக்கில் நெளியும். அந்த நிலையில்தான் ஆழ் மூளைத் தூண்டல் என்னும் சிகிச்சையைப் பற்றிப் பேச்சு வந்தது.

அச்சிகிச்சை பிறந்த இடம் பிரான்சின் கிரெனோபிள் நகரம். 1987-இல் அங்கே அலிம் லூயி பெனாபிட் என்னும் அறுவை மருத்துவர், நடுக்கத்திற்குக் காரணமான மூளைப்பகுதியைத் தேடி மின்முனையால் தூண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விநாடிக்கு நூறு முறைக்கும் மேலாகத் துடிப்புகளை அனுப்பியபோது நடுக்கம் நின்றுவிட்டதைக் கண்டார். மூளையின் ஒரு பகுதியைச் சுட்டு அழிப்பதற்குப் பதிலாக மெல்லிய மின்துடிப்பால் அமைதிப்படுத்தலாம் என்னும் வழி அதிலிருந்து திறந்தது. இது நோயைக் குணப்படுத்துவதில்லை. அதன் பிடியைத் தளர்த்துகிறது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்ட பின்னரே குடும்பங்கள் அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும்.

2016-இல் சென்னையில் வாப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன் மருத்துவர் எங்கள் முன் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்று, உள்ளே இருக்கும் மின்கலம் தீரும்வரை உழைப்பது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் அது தீரும். நெஞ்சை மீண்டும் கீறிப் பெட்டியை மாற்ற வேண்டும். மற்றொன்று, வெளியிலிருந்து நிரப்பத்தக்கது. ஒழுங்காகப் பராமரித்தால் பதினைந்து ஆண்டுகள் வரை மாற்றத் தேவையில்லை. ஆனால் விலை அதிகம். அதோடு தினமும் அல்லது வாரத்தில் சில முறை உட்கார்ந்து மின்னேற்ற வேண்டும்.

துபாயிலிருந்து காக்கா தொலைபேசியில் பேசினார். "வயதான காலத்தில் வாப்பாவுக்கு இந்தத் தொந்தரவு எதற்கு? நான்கு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வோம். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ராத்தாவுக்கு வேறு அச்சம். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய்வீடு மகளுக்குரியது; ஆண்மக்கள் நாங்கள் மனைவியர் வீட்டில் இருப்பவர்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் அந்தப் பழி தன் தலையில் விழுமே என்று ராத்தா கலங்கினார். மருத்துவர் இரு தரப்பையும் கேட்டுவிட்டு ஒன்றைச் சொன்னார். பெட்டியை மாற்றும் அறுவை சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு முறை கீறும்போதும் கிருமித்தொற்றுக்கு ஒரு வாசல் திறக்கிறது. தொற்று பெட்டியைப் பற்றிக்கொண்டால் மூளைக்குச் செல்லும் கம்பிகளையும் சேர்த்தே எடுக்க நேரிடலாம்.

அதுவரை பேசாதிருந்த வாப்பா மெதுவாகச் சொன்னார்: "ஐந்து வேளைக்கும் நேரம் பார்த்தே பழகியவன் நான். கூட ஒரு நேரம் பார்ப்பது எனக்குப் பாரமில்லை. கத்தி வேண்டாம்."

முடிவு அதுவே ஆயிற்று.

மின்னேற்றம் எவ்வாறு நடக்கிறது என்பதை உம்மாவுக்கு விளக்க எனக்குக் கைகொடுத்தது சமையலறைதான். இண்டக்ஷன் அடுப்பில் நெருப்பும் இல்லை, அடுப்பின் மேற்பரப்பு தானாகச் சுடுவதும் இல்லை. உள்ளிருக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் விரைந்து முன்னும் பின்னும் மாறுகிறது. அதனால் எழும் காந்தப்புலம் கண்ணாடியைக் கடந்து பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த விதி இது. ஒரு சுருளில் மாறும் மின்னோட்டம், தொடாமலே அருகிலுள்ள மற்றொரு சுருளில் மின்னோட்டத்தை எழுப்பும். வாப்பாவின் பெட்டியோடு ஒரு சுருள் இருக்கிறது. வெளியே நாம் வைக்கும் வட்டமான தட்டில் இன்னொன்று. நடுவிலிருக்கும் தோலும் சதையும் காந்தப்புலத்துக்குத் தடையாவதில்லை.

ஆனால் தூரமும் நேர்மையும் மிக முக்கியம். தட்டு ஒரு விரற்கடை விலகினாலும் போய்ச்சேரும் ஆற்றல் வெகுவாகக் குறையும். அதனால்தான் பெட்டியை மிக ஆழத்தில் வைப்பதில்லை. மின்னேற்றியின் திரையில் இணைப்பின் அளவைக் காட்டும் கட்டங்கள் தெரியும். அவை நிறையும்வரை தட்டைச் சற்றே இப்படியும் அப்படியும் நகர்த்தி இடம் கண்டுகொள்ள வேண்டும். பிறகு அதிகம் அசையாமல் அமர வேண்டும். பாத்திரத்தின் அடி சூடாவது போலவே டைட்டானியம் பெட்டியும் இலேசாகச் சூடாகும். உடலில் பதிக்கும் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரவிதி, பெட்டியின் வெளிப்பரப்பு உடலின் 37 பாகை வெப்பத்தைவிட 2 பாகைக்கு மேல் உயரலாகாது என்கிறது. அந்த எல்லைக்குள் நிறுத்துவதற்காகவே மின்னேற்றம் மெதுவாக நடக்கிறது. கைப்பேசி போல் அரைமணியில் முழுதும் நிரப்பிவிட முடியாததற்குக் காரணம் நம் சதையின் நலன்தான்.

இதைக் கேட்ட உம்மா, "அப்படியானால் என் அடுப்பும் அந்தப் பெட்டியைச் சுடுமா?" என்று கேட்டார். சரியான கேள்வி. இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளியே இருக்கும்படி எங்களுக்கு அறிவுறுத்தியிருந்தார்கள். அன்றோடு அந்த அடுப்பு பரணுக்குப் போயிற்று. கைப்பேசியைச் சட்டைப்பையில் வைப்பதையும் வாப்பா விட்டுவிட்டார். பிற்பாடு 2021-இல், காந்தம் பொருத்திய கைப்பேசிகளை உடலில் பதித்த மருத்துவக் கருவிகளிலிருந்து ஆறு அங்குலமாவது தள்ளி வைக்கும்படி அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்ததைப் படித்தபோது, உம்மாவின் எச்சரிக்கை எனக்கு நினைவுக்கு வந்தது.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது அறிந்த ஒரு வரலாறு என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. தோலுக்கு வெளியிலிருந்து மின்னேற்றுவது புதிய கண்டுபிடிப்பு என்றே நினைத்திருந்தேன். மனித உடலுக்குள் முழுமையாகப் பதிக்கப்பட்ட முதல் இதயமுடுக்கியே அப்படிப்பட்டதுதான். 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில், ஆர்னே லார்சன் என்னும் 43 வயது மனிதருக்கு அது பொருத்தப்பட்டது. அவருடைய இதயம் ஒரே நாளில் பலமுறை நின்று நின்று துடித்தது. ஒவ்வொரு முறையும் நினைவிழந்து விழுவார். அவருடைய மனைவி எல்ஸ் மரி, அறுவை மருத்துவர் ஓகே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டையும் விடாமல் வற்புறுத்தினார். மனிதருக்குப் பொருத்தும் அளவுக்கு எதுவும் ஆயத்தமாக இல்லை என்று அவர்கள் சொல்லியும் அவர் திரும்பிப் போகவில்லை. எல்ம்க்விஸ்ட் காலணி மெருகு டப்பாவையே அச்சாகக் கொண்டு பிசினை ஊற்றி அந்தக் கருவியை வார்த்தார். அதனுள் நிக்கல் காட்மியம் மின்கலங்கள் இருந்தன. வெளியே வைத்த சுருள் வழியாக அவற்றை நிரப்ப வேண்டும்.

அந்த முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆயினும் லார்சன் பிழைத்தார். பின்வந்த ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் அவருக்கு மாற்றிப் பொருத்தப்பட்டன. 2001-இல் தம் 86-ஆம் வயதில்தான் இறந்தார், அதுவும் வேறொரு நோயால். தம் உயிரைக் காத்த மருத்துவருக்கும் பொறியாளருக்கும் பின்னும் அவர் வாழ்ந்திருந்தார். ஆயுளின் கணக்கு எவனுடைய கையில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்?

1970-களில் லித்தியம் அயோடின் மின்கலம் வந்தது. இதயமுடுக்கிக்குத் தேவைப்படும் ஆற்றல் மிகச் சொற்பம். ஒரு வாட்டை ஒரு லட்சம் கூறாக்கினால் அவற்றில் ஒரு சில கூறு போதும். எனவே ஒரே மின்கலத்தில் பல ஆண்டுகள் ஓட்ட முடிந்தது; மின்னேற்றும் முடுக்கிகள் மெல்ல மறைந்தன. ஆகவே தாயாருக்கோ தந்தைக்கோ இதயமுடுக்கி வைத்திருப்பவர்கள், அதற்கு ஏன் நாம் சார்ஜ் ஏற்றவில்லை என்று கலங்க வேண்டாம். மூளையையும் தண்டுவடத்தையும் தூண்டும் கருவிகள் ஓயாமல் துடிப்புகளை அனுப்ப வேண்டியவை. அவற்றின் பசி பெரிது. அதனால்தான் பழைய வழி அவற்றில் திரும்பி வந்தது. காதுக்குப் பின்னால் வட்ட வில்லை அணிந்த சிறு பிள்ளைகளை நம் ஊர்களிலும் பார்க்கிறோம். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட பிள்ளைகள் அவர்களில் பலர். அவர்களின் தலைக்குள் மின்கலமே இல்லை. வெளியிலிருக்கும் வில்லைதான் தோலின் வழியே ஒலியையும் ஆற்றலையும் ஒருசேர அனுப்புகிறது.

வாப்பாவின் மின்னேற்றத்துக்கு பஜ்ருக்குப் பிந்திய நேரத்தை அவரே தேர்ந்தெடுத்தார். தொழுதுவிட்டு வந்து சாய்வு நாற்காலியில் அமர்வார். மெல்லிய பனியன் மேல் தட்டை வைத்துப் பட்டையால் கட்டிக்கொள்வார். அரைமணி முதல் முக்கால் மணி நேரம். அந்நேரத்தில் அவர் ஓதிக்கொண்டிருப்பார். உம்மா அருகில் தேநீரோடு அமர்ந்திருப்பார். தினமும் எத்தனை விழுக்காட்டில் தொடங்கி எத்தனையில் நிறுத்தினார் என்பதை உம்மா ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார். உம்மாவுக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராது. சிறுவயதில் கற்ற அரபுத்தமிழில்தான் எழுதுவார். அந்தக் குறிப்பேட்டைச் சென்னை மருத்துவரிடம் காட்டியபோது அவர் எண்களை மட்டும் எங்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, "என்னிடம் வரும் நோயாளிகளில் இவ்வளவு ஒழுங்காக யாரும் குறித்து வைப்பதில்லை" என்றார்.

மார்க்கம் சார்ந்த இரண்டு கேள்விகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உளூச் செய்ய இது தடையாகுமா என்பது முதலாவது. பெட்டி தோலுக்கடியில் இருக்கிறது. காயம் ஆறிய பின் மேலே தண்ணீர் படாத இடம் எதுவும் இல்லை. எனவே தடையில்லை. மின்னேற்றினால் நோன்பு முறியுமா என்பது இரண்டாவது. வாப்பா மாத்திரைகளின் காரணமாக நோன்பு நோற்க இயலாதவர்; ஃபித்யா கொடுத்து வருகிறார். ஆனால் முதுகுவலிக்காகத் தண்டுவடத் தூண்டி பொருத்தியிருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் நோன்பு நோற்பவர். அவருக்காக எங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டோம். உணவோ பானமோ உட்செல்லவில்லை, தோலுக்கு வெளியே வைக்கும் ஒன்றால் நோன்பு முறியாது என்று விளக்கினார்கள். உங்கள் நிலைக்கு உங்கள் ஊர் ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள்.

இந்தக் கருவியோடு வாழ்ந்ததில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. மின்கலம் வற்றினால் தூண்டல் நிற்கும். தூண்டல் நின்றால் நடுக்கமும் இறுக்கமும் திரும்பி வரும். அப்போது தட்டைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கவும், அசையாமல் அமரவும் அந்தக் கைகளால் இயலாது. மின்னேற்றம் மிகமிகத் தேவைப்படும் நேரத்தில்தான் அதைச் செய்துகொள்ளும் சக்தி அவரிடம் மிகக் குறைவாக இருக்கும். எனவே அதைத் தேவைக்கு முன்னரே, நலமாக இருக்கும் நேரத்தில், "இன்று வேண்டியதில்லை, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தோன்றும் நாளிலேயே செய்தாக வேண்டும். உடல்நலம் இருக்கும்போதே, ஓய்வு இருக்கும்போதே நற்செயலுக்கு முந்திக்கொள்ளுங்கள் என்று சிறு வயதிலிருந்து மிம்பரில் கேட்டு வருகிறோம். அதன் பொருளை நான் கண்ணால் கண்டது அந்தச் சாய்வு நாற்காலியில்தான்.

2018 நவம்பர் மாதம் இது சோதனைக்கு வந்தது. கஜா புயல் நெருங்குகிறது என்று வானொலி சொன்ன அன்று, வழக்கமான பஜ்ர் நேரத்து மின்னேற்றம் முடிந்திருந்தது. ஆனால் உம்மா, "காற்று வருதுன்னு சொல்றாங்க. இன்னிக்கு நிறையவே ஏத்திடுங்க" என்று வாப்பாவை அஸருக்குப் பின் மீண்டும் உட்கார வைத்தார். மின்னேற்றியின் சொந்த மின்கலத்தையும் நிரப்பி வைத்தார். 16-ஆம் தேதி அதிகாலையில் புயல் கரையைக் கடந்தது. விடிந்தபோது எங்கள் பகுதியில் தென்னந்தோப்புகள் தரையோடு கிடந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக முறிந்து விழுந்திருந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர இரண்டு வாரத்துக்கும் மேலாயிற்று. கைப்பேசிக் கோபுரங்களும் செயலற்றுப் போனதால் மருத்துவரிடம் கேட்கவும் வழியில்லை.

வாப்பாவுக்கு வைத்திருக்கும் அளவில், முழுமையாக நிரம்பிய மின்கலம் ஏறக்குறைய ஒரு வாரம் தாங்கும். மின்னேற்றியில் சேமித்திருந்ததை நான்காம் நாள் பயன்படுத்தித் தீர்த்தோம். ஆறாம் நாள் என் மனம் கணக்குப் போடத் தொடங்கியது. முற்றிலும் வற்றவிட்டால் மின்கலத்துக்கே கேடு, மீட்க மருத்துவரின் கருவி தேவைப்படலாம் என்று எச்சரித்திருந்தார்கள். சாலைகளெங்கும் மரங்கள். சென்னை எங்கே, நாங்கள் எங்கே!

எங்கள் முஹல்லா பள்ளியில் டீசல் ஜெனரேட்டர் இருந்தது. டீசல் தட்டுப்பாட்டினால் பஜ்ருக்கு முன்னும் மஃக்ரிபுக்கு முன்னும் மட்டும் ஓட்டித் தண்ணீர் ஏற்றினார்கள். மின்னேற்றியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றபோது வாப்பா தயங்கினார். "ஊருக்கே தண்ணீர் ஏற்றுகிற மெஷின். எனக்காக ஒரு நிமிடம்கூட அதை நிறுத்தக் கூடாது" என்றார். பள்ளி நிர்வாகி மின்னேற்றியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாமா, இது ஒரு டியூப்லைட் இழுக்கும் கரண்டைக்கூட இழுக்காது. மோட்டார் பாட்டுக்கு ஓடும், நீங்கள் உட்காருங்கள்."

அன்று பள்ளியின் பக்கத்து அறையில், நாற்பது ஐம்பது கைப்பேசிகளுக்கு நடுவே வாப்பா அமர்ந்து மின்னேற்றிக்கொண்டார். சற்று நேரத்தில் மூச்சிரைப்புக்கு நெபுலைசர் வைக்க வேண்டிய ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். அடுத்த தெரு மீனவக் குடும்பம். பள்ளிக்குள் வரலாமா என்று வெளியிலேயே தயங்கி நின்றார். வாப்பாதான் கையசைத்து உள்ளே அழைத்தார். கைப்பேசிகளைப் பிடுங்கிவிட்டு இளைஞர்கள் இடம் செய்து கொடுத்தார்கள். இன்சுலினைத் தண்ணீர் நிறைத்த மண்பானைக்குள் வைத்துக் காப்பது எப்படி என்று ஒரு பாட்டி இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மின்சாரம் நின்றால் உயிர் நலிவோர் இத்தனை பேர் நம் நடுவே இருக்கிறார்கள் என்பது அன்றுவரை ஊரில் யாருக்கும் தெரியாது.

புயலுக்குப் பின் எங்கள் ஜமாஅத் ஒரு பட்டியல் தயாரித்தது. நெபுலைசர், ஆக்சிஜன் கருவி, குளிரில் வைக்க வேண்டிய மருந்து, உடலில் பதித்த மின்னேற்றுக் கருவி என்று எந்த வீட்டில் எது இருக்கிறது என்னும் பட்டியல். மதம் பாராமல் சுற்றியுள்ள தெருக்கள் அனைத்தையும் அதில் சேர்த்தார்கள். ஆண்டுக்கொரு முறை அதைத் திருத்துகிறார்கள். ஒரு தாளும் ஒரு பேனாவும் மட்டுமே இதற்குச் செலவு. ஒவ்வொரு முஹல்லாவிலும் இப்படியொரு பட்டியல் இருக்க வேண்டும் என்று உங்களை மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

2022-இல் உம்மா வஃபாத் ஆனார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். குறிப்பேட்டின் கடைசிப் பதிவு, அவர்கள் படுக்கையில் விழுவதற்கு முந்திய நாளுக்குரியது. அடுத்த நாளின் தேதியும் எழுதியிருந்தது. எண்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். இப்போது அந்தப் பொறுப்பை ராத்தாவின் மகன் ஏற்றிருக்கிறான். பதினான்கு வயது. பழைய பக்கங்களைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே வாப்பாவிடம் அரபுத்தமிழ் கற்றுக்கொண்டான். பஜ்ருக்கு வாப்பாவைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், திரும்பி வந்து தட்டைச் சரியான இடத்தில் வைப்பதும் அவனே. வாப்பாவின் தோள்கள் இறுகி வருகின்றன. சில நாள் மின்னேற்றினோமா என்பதே அவருக்கு நினைவில்லை. நோய் தன் வழியில் நடக்கிறது. கருவி எல்லாவற்றையும் தடுக்காது என்று முதலிலேயே சொன்னார்கள். ஆயினும் பள்ளியின் நிலைப்படியை அவர் இன்றும் தாண்டுகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

இத்தகைய முடிவின் முன் நிற்கும் குடும்பங்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன், தினமும் யார் அருகில் இருப்பார் என்று கேளுங்கள். அவரால் இயலாமற்போனால் அடுத்தவர் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மறதி நோய் தொடங்கிவிட்டவருக்கோ தனியே வாழ்பவருக்கோ மின்னேற்றத் தேவையற்ற கருவியே பொருத்தமாக இருக்கலாம். விலை உயர்ந்தது எல்லாருக்கும் சிறந்தது ஆகிவிடாது. மின்சாரம் நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளியின் விருப்பத்தைக் கடைசியில் கேட்காமல் முதலில் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள், பணத்தால் தீரும் பங்கு ஒன்று, அருகிலிருப்பவர் சுமக்கும் பங்கு வேறொன்று என்பதை உணருங்கள். அருகில் இருப்பவருக்காக துஆச் செய்யுங்கள். ஊருக்கு வரும் நாள்களில் அந்த அரைமணி நேரத்தையாவது நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். காக்கா விடுமுறையில் வந்தால் இப்போது அதைத்தான் செய்கிறார்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்கிறோம். முதுமையில் அந்த அமானிதத்தின் ஒரு பகுதி பிள்ளைகளின் கைக்கு வந்துசேர்கிறது. எங்கள் வீட்டில் அது ஒரு கைத்தட்டு அளவில், ஒரு நாளைக்கு அரைமணி நேர அளவில் வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அது வேறு வடிவில் வந்திருக்கலாம்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் வழங்குவானாக. என் உம்மாவின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.